டியூபாவில் சுருதி சேரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

டியூபா என்கிற பெரிய பித்தளைக் காற்று வாத்தியத்தை வாசிப்பவருக்குச் சுருதி பிசகினால் கை முதலில் போகுமிடம் பெரிய ஸ்லைடுதான், அதாவது மொத்தக் குழாயின் நீளத்தை மாற்றும் இழுவைக் குழாய். அதை ஒரு விரற்கடை வெளியே இழுப்பார். பிசகிய சுரம் சேர்ந்துவிடும். அதுவரை ஒழுங்காக இருந்த ஐந்து சுரங்கள் பிசகிவிடும். மறுபடி உள்ளே தள்ளுவார். நானும் சில வருடங்கள் இப்படித்தான் இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருந்தேன். திருடனைத் தேடாமல் வாசலில் நின்றவனைப் பிடித்து அடிக்கிற வேலை அது.

இந்த வாத்தியத்தில் எந்தச் சுரமும் தனியாகக் கெடுவது அரிது. கூட்டாளிகளோடுதான் கெடும். யார் யார் சேர்ந்து கெடுகிறார்கள் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் விலகினால் ஒரு காரணம். ஒரு வால்வை (அழுத்தினால் கூடுதல் குழாயைச் சேர்த்துச் சுரத்தை இறக்கும் அமைப்பு) தொடும் சுரங்கள் மட்டும் விலகினால் வேறு காரணம். இரண்டு மூன்று வால்வுகள் சேரும்போது மட்டும் விலகினால் அது கோளாறே அல்ல, கணக்கு.

கீழே வரும் அளவுகளும் சுரப்பெயர்களும் பி ஃபிளாட் டியூபாவுக்கானவை. அதன் குழாயை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 18 அடி, அதாவது 5.5 மீட்டர். சி, ஈ ஃபிளாட், எஃப் டியூபா வைத்திருப்பவர்கள் சுரப்பெயரையும் நீள அளவுகளையும் மாற்றிக்கொண்டால் போதும், சதவீதங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சென்ட் என்பது அரைச்சுரத்தில் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) நூறில் ஒரு பங்கு.

எதையும் தொடுவதற்கு முன்

வாத்தியத்தைப் பத்து நிமிடம் வாசித்துச் சூடாக்குங்கள். பிறகு ட்யூனரை, அதாவது சுருதி காட்டும் கருவியை, நீங்கள் பார்க்க முடியாத பக்கம் திருப்பி வைத்து, இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் உதடு தானாகவே சுரத்தை வளைத்துச் சேர்த்துவிடும்; அளவு பொய்யாகும். கண்ணை மூடி, சுரம் தானாக எங்கே போய் உட்கார விரும்புகிறதோ அங்கே உட்கார விட வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை எடுத்து, விரல் அமைப்போடு சேர்த்து எழுதுங்கள்.

கீழ்ச் சுரங்களில் ட்யூனர் தடுமாறும். இசைக்குறியீட்டின் ஐந்து கோடுகளுக்குக் கீழே வரும் பி ஃபிளாட்டின் அதிர்வெண் 58.27 ஹெர்ட்ஸ். அங்கே 10 சென்ட் விலகல் என்பது ஒரு ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்குதான். முள் அங்குமிங்கும் ஆடும். சில செயலிகள் மேல் சீரிசையை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்காக ஒலிக்கும் சுரத்தை, பிடித்துக்கொண்டு வேறு சுரத்தின் பெயரையே காட்டும். இந்த இடத்தில் காதுதான் நம்பகமானது: ஓர் எண்சுரம் (ஆக்டேவ்) மேலே ஆதாரச் சுரம் ஒன்றை விடாமல் ஒலிக்கவிட்டு அதன்மேல் வாசித்து, விம்மல்களை, அதாவது ஒலி ஏறி இறங்கித் துடிப்பதை, கேளுங்கள். விம்மல் மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது.

எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ இருக்கின்றன

பெரிய ஸ்லைடுக்கு உண்மையாகவே வேலை இருக்கும் ஒரே இடம் இதுதான். ஒரு சென்ட் இறக்கக் குழாயில் சுமார் 3.2 மில்லிமீட்டர் கூட வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால்கள் இருப்பதால் அதில் பாதி, 1.6 மில்லிமீட்டர் இழுத்தால் போதும். பத்து சென்ட் இறக்க ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். டிரம்பெட் வாசித்துப் பழகியவர்கள் மயிரிழை அளவு இழுத்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று விழிப்பது இதனால்தான்.

இழுப்பதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். மாறுவது காற்றில் ஒலியின் வேகம். பித்தளை விரிவது கணக்கில் சேராத அளவு சிறியது. குளிர்ந்த டியூபாவை எடுத்ததும் ஸ்லைடை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மற்றவர்களை விட ஏறிப்போய், ஏன் என்று புரியாமல் தவிப்பவர்கள் ஏராளம். பல பக்கங்கள் வாசிக்காமல் காத்திருக்கும் பகுதிகளில் சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விடுங்கள். அப்போது வால்வுகளையும் அழுத்துங்கள். நான்காம் வால்வின் குழாய் மட்டுமே ஏறக்குறைய 1.8 மீட்டர். வால்வு எதையும் அழுத்தாதபோது ஒலிக்கும் திறந்த குழாய் சூடாக இருந்து அது குளிர்ந்து கிடந்தால், அந்த வால்வின் சுரங்கள் மட்டும் இறங்கி நிற்கும்.

பெரிய ஸ்லைடை இழுத்தால் வால்வு ஸ்லைடுகளையும் சிறிது இழுக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். பெரிய ஸ்லைடை 30 மில்லிமீட்டர் இழுத்தால் மொத்தக் குழாய் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் நீள்கிறது. முதல் வால்வின் குழாய் சுமார் 67 சென்டிமீட்டர்; அதுவும் அதே விகிதத்தில் நீள, அதன் ஸ்லைடு நான்கு மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும்.

ஸ்லைடு முழுவதும் வெளியே வந்தும் சுருதி ஏறியே இருந்தால் மவுத்பீஸைச் சந்தேகியுங்கள். டியூபா மவுத்பீஸின் தண்டு அமெரிக்க அளவில் ஒருவிதம், ஐரோப்பிய அளவில் சற்றுப் பருமன். சிறிய தண்டு பெரிய வாய்க்குழாயில் (மவுத்பீஸைச் செருகும் முதல் குழாய்) அளவுக்கு மீறி உள்ளே போய்விடும், ஆடவும் செய்யும். ஆழம் குறைந்த கிண்ணமும் சுருதியை ஏற்றும். பழைய பிரிட்டிஷ் பித்தளைக் குழு வாத்தியமாக இருந்தால் இன்னொரு சாத்தியம் உண்டு: அக்குழுக்கள் 1960கள் வரை ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸ் அளவில் வைத்திருந்தன. இப்போது வழக்கமான 440-க்கு அது கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி அதிகம். அதை ஸ்லைடால் இறக்க எட்டு சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் இருக்காது, குழாயைச் சேர்த்து நீட்டும் வேலை அது.

மாறாக, ஸ்லைடு முழுவதும் உள்ளே இருந்தும் இறங்கியே இருந்தால் வாய்க்குழாயைக் கழுவிப் பாருங்கள். வளையும் தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் போதும். கொதிநீர் வேண்டாம், மேற்பூச்சு உரியும். உள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்தபின் இதை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஒரே ஒரு வால்வின் சுரங்கள் மட்டும் விலகுகின்றன

அந்த வால்வின் ஸ்லைடு, அவ்வளவுதான். ஆனால் சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் வால்வு எதையும் அழுத்தாமல் நடு பி ஃபிளாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டாம் வால்வு, பிறகு முதலாவது, அதன்பின் நான்காவது. மூன்றாவது கடைசியில், அதைத் தனியாக வைத்துச் சேர்க்கவே வேண்டாம். தனியாக அழுத்தி வாசிக்கும் தேவை அதற்கு அரிதாகவே வருகிறது, ஒன்றரைச் சுரம் இறக்க 1+2, அதாவது முதலாவதும் இரண்டாவதும் சேர்த்து அழுத்துவது, இருக்கிறது. ஆகவே மூன்றாம் ஸ்லைடை 2+3 சேரும் இடம் வரை இழுத்துவிடுங்கள். அப்போது மூன்று மட்டும் அழுத்தினால் இறங்கியிருக்கும். இருக்கட்டும்.

எப்போதும் ஒரே சீரிசையிலிருந்து இறங்கும் சுரங்களை ஒப்பிடுங்கள்; ஒரே குழாய் நீளத்தில் உதட்டால் மட்டும் மாற்றி எடுக்கும் சுரங்கள்தான் இங்கே சீரிசைகள். நடு பி ஃபிளாட்டிலிருந்து இறங்கும் ஏ ஃபிளாட்டைக் கொண்டு முதல் வால்வைச் சேர்க்கலாம். அதையே ஐந்தாம் சீரிசையிலிருந்து இறங்கும் சி சுரத்தை வைத்துச் சேர்த்தால் ஏமாந்துபோவீர்கள்; காரணம் பின்னால் வருகிறது.

நேற்றுவரை சரியாக இருந்த வால்வு இன்று திடீரென்று விலகினால், ஸ்லைடைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கழுவித் துடைத்த மறுநாள் வரும் புகார்களில் இது அடிக்கடி வருவது.

வால்வுகள் சேரும்போது மட்டும் சுருதி ஏறுகிறது; வால்வு கூடக் கூட மோசமாகிறது

உங்கள் டியூபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வு பொருத்திய எல்லாப் பித்தளை வாத்தியங்களுக்கும் பிறவியிலேயே உள்ள குறை இது. டியூபாவில் நான்கைந்து வால்வுகள் சேர்வதால் காதில் பளிச்சென்று விழுகிறது.

ஓர் அரைச்சுரம் இறங்கக் குழாய் 5.95 சதவீதம் நீள வேண்டும். இரண்டாம் வால்வு அதைச் சேர்க்கிறது. முழுச்சுரத்துக்கு 12.25, அது முதல் வால்வு. ஒன்றரைச் சுரத்துக்கு 18.92, மூன்றாவது. இரண்டரைச் சுரத்துக்கு 33.48, நான்காவது. இப்போது 1+3 அழுத்துங்கள். கிடைப்பது 31.17 சதவீதம். வேண்டியதோ 33.48. முதல் வால்வு குழாயை ஏற்கெனவே நீட்டிவிட்டது. நீண்ட குழாயில் ஒன்றரைச் சுரம் இறங்க மூன்றாம் வால்வு தன் அளவைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். அதனிடம் இருப்பதோ அதே பழைய ஒரு மீட்டர் சொச்சம்.

ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனியே துல்லியமாக இருந்தால், 1+2 பத்து சென்ட் ஏறும். 2+3 பதினைந்து. 1+3 முப்பது. 1+2+3 ஐம்பத்து மூன்று, அதாவது அரைச்சுரத்தில் பாதியைத் தாண்டிவிடும். 1+3-இல் வரும் முப்பது சென்டை ஸ்லைடால் திருத்த வேண்டுமானால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். வேகமான பகுதியில் அது நடக்கிற காரியமா?

எனவே நான்காம் வால்வு இருக்கிறவர்கள் 1+3-ஐ மறந்துவிடுங்கள். ஐந்து கோடுகளுக்குக் கீழே இரண்டாம் துணைக்கோட்டில் வரும் சி சுரத்துக்கு 4. அதற்கு அடுத்த பி சுரத்துக்கு 1+2+3 அல்ல, 2+4. இந்த 2+4-உம் இருபத்து நான்கு சென்ட் ஏறியே இருக்கும். அதைத் திருத்த இரண்டு வழி: நான்காம் ஸ்லைடைச் சற்று நீளமாக வைத்து, சி சுரத்தை உதட்டால் தூக்கிப் பிடிப்பது; அல்லது சியைச் சரியாக வைத்து, இரண்டாம் ஸ்லைடை அந்த நேரத்துக்கு மட்டும் இழுப்பது. எனக்கு முதல் வழிதான் கைகொடுக்கிறது. ஆனால் பொதுவாக டியூபாவில் சுரத்தை உதட்டால் ஏற்றுவதைவிட இறக்குவது எளிது என்பதால், இரண்டாவதைச் சொல்பவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

முதல் ஸ்லைடு பல டியூபாக்களில் மேல்நோக்கி, இடக்கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. வாசிக்கும்போதே இழுத்துத் தள்ளுவதற்கு. அது வெண்ணெயில் கத்தி போல நகர வேண்டும். நகராவிட்டால் கெட்டியான கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லியதைப் பூசுங்கள். கிரீஸோடு இரண்டு சொட்டு எண்ணெய் கலந்தாலும் சரி. 1+2 சுரங்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் வெளியே, முதல் வால்வு தனியாக வரும்போது உள்ளே. சில வாரங்களில் கை தானாகச் செய்துவிடும்.

நான்காம் வால்வோடு மிகக் கீழே இறங்கும்போது சுரங்களே இடம் மாறுகின்றன

அதே கணக்குதான், ஆனால் இங்கே அட்டகாசம். கீழ் பி ஃபிளாட்டிலிருந்து 4 அழுத்தினால் எஃப், 2+4 அழுத்தினால் ஈ. அடுத்து ஈ ஃபிளாட்டுக்கு 1+4 என்று தோன்றும்; அது நாற்பத்தெட்டு சென்ட் ஏறி நிற்கும். 1+2+4 அழுத்தினால் இருபது சென்ட் இறங்கிவிடும். பெரும்பாலோர் இரண்டாவதை எடுத்து ஸ்லைடை உள்ளே தள்ளியோ உதட்டால் தூக்கியோ சமாளிக்கிறார்கள். டி சுரத்துக்கு 2+3+4. இது ஆச்சரியமாக நான்கு சென்டுக்குள் சேர்ந்துவிடும். டி ஃபிளாட்டுக்கு 1+3+4, முப்பத்தேழு சென்ட் ஏறும். நான்கையும் அழுத்தினால் வருவது சியும் இல்லை, டி ஃபிளாட்டும் இல்லை. சிக்கு எழுபத்தைந்து சென்ட் மேலே ஒரு திரிசங்கு. அதற்கும் கீழேயுள்ள பி சுரத்துக்கு நான்கு வால்வு டியூபாவில் விரல் அமைப்பே கிடையாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று ஐந்தாம் வால்வு. பல சி, எஃப் டியூபாக்களில் இது முழுச்சுரத்தைவிடச் சற்று நீளமாக, சுமார் 16 சதவீதம் தருமாறு இருக்கும். அதனால் 4-உடன் சேரும்போது கச்சிதமாக ஒரு முழுச்சுரம் இறக்கும். அதைத் தனியாக வைத்து முதல் வால்வோடு ஒப்பிட்டு, இறங்கியிருக்கிறதே என்று உள்ளே தள்ளிவிடாதீர்கள். மற்றது டேவிட் பிளேக்லி 1874-இல் காப்புரிமை பெற்ற ஈடுசெய் அமைப்பு. நான்காம் வால்வை அழுத்தியதும் காற்று மற்ற வால்வுகளின் வழியே இரண்டாம் முறை திரும்பி வந்து, அங்கே இருக்கும் சின்னஞ்சிறு கூடுதல் வளையங்களில் குறைந்துபோன நீளத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஈடுசெய் டியூபாவிலும் 4 சேர்ந்த சுரங்கள் விலகினால், பின்பக்கத்துச் சிறு ஸ்லைடுகள் நகர்ந்திருக்கின்றனவா, அவற்றில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் திறந்து பார்க்காத இடங்கள் அவை.

வால்வு எதுவாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் விலகல்

நடுக்கோட்டில் வரும் டி இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே டி ஃபிளாட்டும் சியும் இறங்கியிருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு விரல் அமைப்பு. ஆனால் மூன்றும் ஐந்தாம் சீரிசையைச் சேர்ந்தவை. இயற்கையின் ஐந்தாம் சீரிசை நாம் பயன்படுத்தும் சமப்பகுப்புச் சுரத்தைவிட (எண்சுரத்தைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரித்தது) பதினான்கு சென்ட் குறைவு. ஏழாவது முப்பத்தொரு சென்ட் குறைவு. அதனால்தான் அதைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. வாத்தியம் செய்பவர்கள் குழாய் விரியும் விதத்தை மாற்றி இதைக் கொஞ்சம் சமன்செய்கிறார்கள். முழுதாக முடிவதில்லை.

மாற்று விரல் அமைப்புதான் வழி. டி சுரத்துக்கு 1+2, டி ஃபிளாட்டுக்கு 2+3, சிக்கு 4. இவை ஆறாம் சீரிசையிலிருந்து இறங்கி வருபவை. இந்த 1+2 முன்பு சொன்ன கணக்கால் பத்து சென்ட் ஏறும். முதல் ஸ்லைடை இழுத்தால் சரியாகும். இரண்டு பிழைகளில் திருத்த எளிதானதைத் தேர்ந்தெடுக்கிறோம். சி சுரத்துக்கு முதல் வால்வையே வைத்துக்கொண்டு ஸ்லைடை முழுவதும் உள்ளே தள்ளுவதும் நடக்கும், உள்ளே போக இடம் இருந்தால். இதற்காகவே முதல் ஸ்லைடை வழக்கமான நிலையில் ஓரிரு சென்டிமீட்டர் வெளியே வைத்திருக்கும்படி குழாயை வெட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நேற்று இல்லாத இப்படியொரு விலகல் இன்று வந்தால் ஒடுக்கு விழுந்திருக்கலாம். ஓர் ஒடுக்கு எல்லாச் சுரங்களையும் ஒரேபோல் பாதிக்காது. அந்த இடத்தில் காற்றழுத்தம் உச்சமாக மாறும் சீரிசைகளை அது ஏற்றும், காற்றின் அசைவு உச்சமாக இருக்கும் சீரிசைகளை இறக்கும். குழாய் குறுகலான வாய்க்குழாய்ப் பக்கத்தில் சிறு ஒடுக்கும் தொல்லை. அடிவளைவில் விழும் பெரிய ஒடுக்கு கண்ணை உறுத்துமே தவிர, பல நேரம் காதை உறுத்தாது.

ஒரு வால்வை அழுத்தினால் ஒலி அடைத்துக்கொள்கிறது, சுரம் நிலைகொள்ளவில்லை

வால்வின் துளைகளும் குழாயின் துளைகளும் நேருக்கு நேர் பொருந்தவில்லை. கண்டுபிடிக்க எளிய சோதனை: அந்த வால்வை முழுவதும் அழுத்தி நீண்ட சுரம் வாசித்துக்கொண்டே, விரலை மயிரிழை அளவு மேலே விடுங்கள். ஒலி சட்டென்று திறந்தால் பிஸ்டன் (வால்வுக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை) அளவுக்கு மீறிக் கீழே போகிறது. பொத்தானின் அடியில் இருக்கும் கம்பளி வளையம் நசுங்கிவிட்டது. திறந்த சுரம் வாசிக்கும்போது வால்வை மயிரிழை அழுத்தினால் ஒலி திறக்கிறதா? அப்படியானால் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வளையம் தேய்ந்து, பிஸ்டன் அளவுக்கு மீறி எழுகிறது. இரண்டும் சில்லறை வேலை. இரண்டாம் வால்வில் கண்ணாலேயே பார்க்கலாம்: ஸ்லைடை எடுத்துவிட்டுச் சிறு விளக்கால் உள்ளே பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை போல அல்ல.

பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் உருளை உள்ள சுழல் வால்வாக இருந்தால் பின்மூடியைக் கழற்றுங்கள். அச்சின் முனையிலும் அதைத் தாங்கும் தட்டிலும் கோடுகள் வெட்டியிருக்கும். விடும்போதும் அழுத்தும்போதும் அவை நேர்கோட்டில் வர வேண்டும். வராவிட்டால் மறுபக்கத்தில் நிறுத்தும் கார்க் அல்லது ரப்பர் துண்டு தேய்ந்திருக்கும், இல்லை விழுந்திருக்கும். புதிய துண்டைச் சற்றுப் பெரிதாக வைத்துக் கூரிய கத்தியால் மெல்ல மெல்லச் செதுக்கிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே வெட்டில் முடிக்க ஆசைப்பட்டால் இரண்டாவது துண்டு வாங்க வேண்டியிருக்கும்.

காற்றே உள்ளே போகவில்லை என்றால் பிஸ்டன்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். ஒருமுறை அவசரத்தில் ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, குழாயில் துணி சிக்கிவிட்டது என்று அரைமணி நேரம் நான் தேடியிருக்கிறேன். எண் சரியாக இருந்தும் அடைத்தால், பிஸ்டனின் வழிகாட்டி அதன் பள்ளத்தில் உட்காரவில்லை; மெல்லத் திருப்புங்கள், கிளிக் என்று விழும்.

வால்வு தாமதமாக எழுகிறது அல்லது ஒட்டிக்கொள்கிறது

எண்ணெய் விட்டும் ஒட்டினால் இன்னும் எண்ணெய் விடாதீர்கள். பிஸ்டனை எடுத்து, நூல் உதிராத துணியால் அதையும் உறையின் உள்ளேயும் துடைத்துவிட்டுப் புதிதாக நான்கைந்து சொட்டு விடுங்கள். ஸ்லைடு கிரீஸ் எண்ணெயில் கரைந்து வால்வுக்குள் இறங்குவதுதான் இந்தப் பிசுபிசுப்புக்கு வழக்கமான மூலம். துடைத்தும் தீரவில்லை என்றால் கையை உற்றுப் பாருங்கள்: விரல் நேராக அழுத்துகிறதா, சாய்த்துத் தள்ளுகிறதா? நேராக அழுத்தும்போது ஓடி, சாய்த்தால் மட்டும் ஒட்டினால் குற்றம் உங்கள் கையில். எப்படி அழுத்தினாலும் ஒரே இடத்தில் ஒட்டினால் உறையில் ஒடுக்கு. அது பட்டறை வேலை. உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் கையில் டியூபாவைக் கொடுக்காதீர்கள்.

சுழல் வால்வுக்கு அச்சின் இரு முனைகளிலும் இணைப்புகளிலும் ஒவ்வொரு சொட்டு. உள்ளே சுழலிக்கும் எண்ணெய் போக வேண்டும். ஆனால் ஸ்லைடு குழாயின் சுவரில் வழியவிட்டால் கிரீஸையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஊசிமுனைப் புட்டியால் நடுவில் விடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் இணைப்பு தேய்ந்திருக்கிறது. சுருதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுருதி நாளுக்கு ஒன்றாக அலைகிறது, மெல்லிய சுரம் பிடிபடவில்லை

கசிவு. முதலில் நீர்த்திறப்பின் மேல் விரலை அழுத்தி வைத்து வாசியுங்கள். ஒலி திருந்தினால் கார்க்கை மாற்றுங்கள், அல்லது சுருள்வில்லை. திருந்தாவிட்டால் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இரண்டு சென்டிமீட்டர் இழுத்து, சில நொடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘பட்’ என்று சத்தம் வந்தால் அந்தப் பகுதி காற்றுப்புகாமல் இருக்கிறது. சத்தமே வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. ஸ்லைடைச் சுதந்திரமாக நகர்த்துவதற்காக வால்வில் சிறு காற்றுத்துளை போட்டிருக்கும் டியூபாவில் இந்தச் சோதனை செல்லாது. தேய்ந்த பிஸ்டனுக்குக் கெட்டியான எண்ணெய் சில காலம் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு முலாம் பூசி அளவுக்குக் கடைவதுதான்.

கசிவோடு களகளவென்ற சத்தமும் வந்தால் அது தண்ணீர். நீர்த்திறப்பு எல்லா வளைவிலும் இருப்பதில்லை. மூன்றாம், நான்காம் ஸ்லைடுகளைக் கழற்றிக் கொட்டிவிட்டு, டியூபாவைச் சக்கரம் போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் சுற்றினால் உங்களுடையதில் நீர் இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால் போதும்.

ஸ்லைடு அசையவில்லை

இணையும் விளிம்பில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வளைவில் தடித்த துணியைக் கோத்து, வால்வை அழுத்திக்கொண்டு, இரண்டு கால்களுக்கும் நேராகச் சுருக்கென்று இழுங்கள். இடுக்கி கூடாது, சுத்தியல் கூடாது. ஒரு கால் நகர்ந்து மற்றது நகராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த இழுப்பில் பற்றவைப்பு விடும். வெளியே வந்தபின் ஒவ்வொரு காலையும் தனியாகச் செருகிப் பாருங்கள். தனித்தனியே வழுக்கி, இரண்டும் சேர்ந்தால் இறுகினால் கால்கள் இணையாக இல்லை.

ட்யூனர் சரி என்கிறது. குழுவோடு சேர்ந்தால் தவறாகக் கேட்கிறது

மியூட் (ஒலியை அடக்க மணிவாயில் செருகுவது) போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் அது சுருதியை ஏற்றும். இல்லையென்றால் நீங்கள் வாசிப்பது அப்போது குழு எழுப்பும் ஒத்திசையில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) எத்தனையாவது சுரம் என்று பாருங்கள். மேஜர் ஒத்திசையின் மூன்றாம் சுரம் விம்மலின்றி ஒலிக்க வேண்டுமானால் ட்யூனர் காட்டும் இடத்திலிருந்து பதினான்கு சென்ட் கீழே இருக்க வேண்டும். ஐந்தாம் சுரம் இரண்டு சென்ட் மேலே. பி ஃபிளாட் மேஜரில் குழு நீண்டு நிற்க, உங்களுக்கு அந்த நடுக்கோட்டு டி வருகிறது என்று வையுங்கள். வழக்கம்போல 1+2 போட்டுத் திருத்தத் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் விரல்களை எடுத்துவிடுங்கள். வால்வு அழுத்தாத டி, இத்தனை நாள் நாம் திட்டிக்கொண்டிருந்த அதே பதினான்கு சென்ட் குறைவோடு, சரியாகப் போய் உட்காரும்.